கழிவு போக எடை

நயினார் எழுந்தான். பாயைச் சுருட்டி வைத்தான். இடுப்புவாரை மாட்டினான். கூரையில் ஓடும் தடத்திலிருந்து தொங்கிய ஏந்துநாணின் கொக்கியை வாரில் கோத்தான். நாண் ஒரு முறை இழுத்து எடை பார்த்தது. அறுபத்தெட்டு கிலோ. வீட்டுக் கழிவு, அதாவது நாண் தாங்கிக்கொள்ளும் பங்கு, இருபது சதவீதம். ஐம்பத்து நான்கு கிலோ ஆளாகச் சமையலறைக்கு நடந்தான்.

பால் காய்ச்சினான். பல் தேய்த்தான். மாவு புளித்திருந்தது. அதையே இட்லிக்கு ஊற்றினான். தின்றான். தட்டைக் கழுவிக் கவிழ்த்தான். அடுப்பு மேடைக்கு மேலே இன்னொரு நாண் சுருண்டு தொங்கியது. தலையில் இடிக்காமல் குனிந்து போனான்.

வாசலில் வீட்டு நாணைக் கழற்றித் தெரு நாணைக் கோக்க வேண்டும். அந்த ஒரு நொடி மட்டும்தான் முழு எடை. பாளையங்கோட்டையில் இப்போது தடம் இல்லாத தெரு கிடையாது. சந்தையில் வெங்காய மூட்டை தூக்குகிறவர்கள் நாற்பது கழிவில் லாரிக்கும் கடைக்கும் நடுவே தத்திக்கொண்டிருந்தார்கள். முட்டி தேய்ந்தவர்கள் முப்பதில் படியேறினார்கள். கழிவு என்ற சொல் வந்த புதிதில் ஊரே சிரித்தது. சாக்கடையா, ஜவுளிக்கடைத் தள்ளுபடியா என்று கேட்டார்கள். பிறகு பழகிவிட்டது.

“எத்தனையில ஓடுது?” என்று டீக்கடைக்காரர் கேட்டார். இப்போதெல்லாம் நலம் விசாரிப்பது இப்படித்தான்.

“இருபது.”

“இன்னைக்குக் குழியில இறங்குதியாமே?”

நயினார் தலையாட்டிவிட்டு நடந்தான்.

ஏந்துநாண் விளையாட்டிலிருந்து வந்த பொருள். தொடக்கத்தில் அது வெறும் ரப்பர் பட்டை. உத்தரத்தில் கட்டி, இடுப்பில் மாட்டிக்கொண்டு மேலே எகிறிப் பழகுவார்கள். சுமக்கிற எடை குறைவதால் கால் வழக்கத்தைவிட வேகமாகத் தரையைத் தள்ளும். அந்த வேகத்தை நரம்பு நினைவில் வைத்துக்கொள்ளும். பட்டையைக் கழற்றிய பிறகும் முன்பைவிட உயரமாக எகிற முடியும். உடற்கல்வி படித்த நயினார் இதைப் பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறான். பட்டை பிறகு தன் இழுப்பைத் தானே மாற்றிக்கொள்ளும் நாணாக ஆனது. நாண் வீட்டுக்கும் தெருவுக்கும் வந்தது. அதன்பின் குழிக்குப் போனது.

குழியில் ஆடுவது எகிறடி. இரண்டு பேர், இரண்டு நாண். ஒரு மாடி உயரம் எகிறி, அந்தரத்தில் உதைத்துக்கொள்வார்கள். கழிவு போக இருவர் எடையும் சமமாக இருக்கும்படி நாணைத் திருகி வைப்பார்கள். அதனால் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனிப் பிரிவு இல்லை. தரையை இரண்டு முறை தட்டியவர் தோற்றவர். அதுவரை எதுவும் செய்யலாம்.

கழுத்தில் குரல்வார் கட்டியிருப்பார்கள். அது கட்டியவரின் தொண்டையை மட்டும் கேட்கும். கட்டளைகள் இரண்டு. ‘ஏற்று’ என்றால் நாண் இழுப்பைக் கூட்டும். ‘விடு’ என்றால் இழுப்பு மொத்தமும் போய்விடும். உச்சியில் விடு சொல்லி, முழு எடையோடு எதிராளியின் தோள்மீது குதிகாலை இறக்குவதுதான் ஆட்டத்தின் பெரிய அடி. காறை எலும்பு முறிகிற சத்தம் கடைசி வரிசைவரை கேட்கும். அதற்காகவே டிக்கெட் விற்றது.

முன்பெல்லாம் சொல் முடியும்வரை நாண் காத்திருந்தது. அதற்குள் ஆள் அரை மீட்டர் இறங்கிவிடுவார். அடி பிசகும். வீரர்கள் ஆட்டத்தை நிறுத்திப் போராடினார்கள். நாண் செய்யும் நிறுவனம் பணிந்தது. சொல்லை முடிக்கத் தேவையில்லை, வாயெடுத்தாலே போதும் என்று புதிய நாணுக்கு விளம்பரம் செய்தார்கள். வீரர்கள் மாலை போட்டு வாங்கிக்கொண்டார்கள். அன்று முன்வரிசையில் நின்றவள் ஆவுடை.

ஆவுடை நயினாரின் மனைவி. போன வைகாசியில் குழியில் செத்தாள்.

அன்று எதிராளி ஜெபஸ்டின் என்ற தூத்துக்குடிக்காரன். உச்சியில் அவள் தலைகீழாகப் போனாள். ஜெபஸ்டின் அவள் கையைப் பிடித்திருந்தான். எல்லோரும் பார்த்தார்கள். அவள் ஏதோ சொன்னாள். உடனே அவள் நாண் தளர்ந்தது. குழியின் இரும்பு விளிம்பில் தலை பட்டது. குழிக்கு மறுபக்கம் நின்ற நயினாருக்கு இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை. அவன் ஓடிப்போய்த் தூக்கியபோது தலை ஒரு பக்கமாகக் கனத்தது. கை நனைந்தது.

திரையில், ‘வீராங்கனையின் கட்டளை: விடு. தவறு இல்லை’ என்று வந்தது. விசாரணையும் அதையே சொன்னது. ஜெபஸ்டின் அந்த நேரத்தில் தோள் கிழிந்து மருத்துவமனையில் கிடந்தான். சாகுமுன் ஆவுடை உடைத்த தோள் அது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். கையை முறுக்கினான், வலி தாங்காமல் விடுடா என்று கத்தினாள், நாண் அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டது. ஊருக்குப் புரிந்தது இவ்வளவுதான். நயினாருக்கும்.

ஜெபஸ்டின் இரண்டு முறை வீட்டுக்கு வந்தான். நயினார் கதவைத் திறக்கவில்லை. பிறகு குழிக்குப் பெயர் கொடுத்தான். கல்லூரியில் உயரம் தாண்டியவன்தான். ஓர் ஆண்டு அறுபது கழிவில் எகிறிப் பழகினான்.

அவனுக்கு ஒரே வேலை இருந்தது. ஜெபஸ்டினை உச்சிக்குக் கொண்டுபோக வேண்டும். இரும்பு விளிம்புக்கு நேர் மேலே வைத்துத் தோளைத் திருக வேண்டும். வலி தாங்காதவன் யோசித்துப் பேசமாட்டான். தமிழ் பேசுகிறவன் வாயில் அப்போது முதலில் வருவது அந்தச் சொல்தான். மீதியை நாண் பார்த்துக்கொள்ளும். திரையில் தவறு இல்லை என்று வரும்.

குழிக்குப் பக்கத்து அறையில் முத்தரசி காத்திருந்தாள். பழைய ஆட்டக்காரி. இரண்டு முட்டியிலும் தகடு. ஆவுடைக்குக் கழிவு திருகிக் கொடுத்தவள். இன்று நயினாருக்கு.

“எல, கால நீட்டு.”

நீட்டினான். அவள் கணுக்காலிலிருந்து முட்டிவரை கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போனாள்.

“பேய் மாதிரி எகிறுத. பாத்தேன். கீழ வரத் தெரியுமா ஒனக்கு?”

“நாணு எறக்கும்.”

“நாணு இல்லன்னா?”

“இருக்கும்.”

“வீட்டுல நாணு, தெருவுல நாணு, பழகுனது நாணுல. கடேசியா முழு எடையோட எப்ப தரையில குதிச்ச? எறங்குத அடியிலதாம்ல எலும்பு உரம் ஏறும். ஒனக்கு அந்த அடியே விழல. தொடையப் பாத்தா குதிர. கீழ இருக்கது முறுக்கு. லேசா தட்டுனா நொறுங்கிரும்.”

“சரிக்கா.”

“என்ன சரிக்கா? ஊமக்கோட்டான் மாதிரி எல்லாத்துக்கும் சரிக்கா.” அவள் பட்டித்துணியை இறுக்கிச் சுற்றினாள். குரலைத் தாழ்த்தினாள். “கொல்லத்தான போற?”

நயினார் தண்ணீர் குடித்தான்.

“ஒன்னத்தாம்ல கேக்கேன்.”

“ஆட்டத்துல நடந்தா தவறு இல்லக்கா. விதியில இருக்கு.”

“ஆவுட இருந்திருந்தா ஒஞ் செவுட்டுல ஒண்ணு வச்சிருப்பா.”

“இல்லையே” என்றான்.

முத்தரசி பட்டித்துணியின் நுனியைச் செருகினாள்.

குழியைச் சுற்றிப் படிக்கட்டு நிறைய ஆட்கள். நயினார் உள்ளே வந்ததும் மேலேயிருந்து ஒருவன் கத்தினான். “ஏ மாப்ள! வீட்டுக்காரி போன எடத்துக்கே போறியாடே!” பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். இன்னொருவன், “ஏல ஜெபஸ்டினு, அடுத்த ஆள அனுப்பியாச்சு, குடும்பத்தோட முடிச்சு உட்ரு!” என்றான். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு.

ஜெபஸ்டின் வலது தோளில் பட்டி போட்டிருந்தான். இன்னும் குரல்வாரைக் கட்டவில்லை. நயினாரை நோக்கி வந்தான்.

“அண்ணே, ஒரு நிமிசம். ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்ணே. ரெண்டு தடவ வீட்டுக்கு—”

நயினார் தன் குரல்வாரைக் கட்டி இறுக்கினான்.

“பேச்சு வேண்டாம், கட்டுங்க” என்றார் நடுவர். ஜெபஸ்டின் கட்டினான். கட்டிய பிறகு குழிக்குள் யாரும் வாயைத் திறப்பதில்லை. புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் அது.

மணி அடித்தது.

முதல் எகிறில் நயினாரின் முட்டி ஜெபஸ்டினின் மூக்கில் இறங்கியது. மூக்குத்தண்டு பக்கவாட்டில் போனது. ரத்தம் அந்தரத்தில் சிதறி, அவர்கள் இறங்குமுன்பே மெத்தைமேல் விழுந்தது. ஜெபஸ்டின் தலையை உதறினான். அடுத்த எகிறில் அவன் குதிகால் நயினாரின் விலாவில் பாய்ந்தது. உள்ளே ஏதோ ஒடிந்தது. நயினாருக்கு அது தெரிந்தது. வலி என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. மூச்சு மட்டும் பாதியில் நின்றது.

மூன்றாவது எகிறில் அவன் ‘ஏற்று’ என்றான். நாண் வெடுக்கென்று இழுத்தது. ஜெபஸ்டினைவிட ஓர் ஆள் உயரம் மேலே போனான். கூட்டம் எழுந்து நின்றது. யாரும் இந்தக் குழியில் அவ்வளவு உயரம் எகிறிப் பார்த்ததில்லை. அங்கிருந்து இரண்டு காலையும் சேர்த்து வலது தோளில் இறக்கினான். ஈரத்துணியைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம். பட்டித்துணி சிவந்தது. ஜெபஸ்டினின் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. திரும்ப மூடிக்கொண்டது.

கீழே வந்ததும் ஜெபஸ்டின் இடது கையை மெத்தையை நோக்கி நீட்டினான். ஒரு முறை தட்டிவிட்டான். இரண்டாவது தட்டுக்குமுன் நயினார் அந்தக் கையை மிதித்தான். விரல்கள் நொறுங்கின. இடுப்புவாரைப் பிடித்துத் தூக்கி, அவனைத் தன்னோடு சேர்த்து எகிறினான். இனி அவனைத் தரையில் நிற்க வைக்கக் கூடாது. தரை இருந்தால் தட்டிவிடுவான்.

அதன் பிறகு நடந்ததை ஆட்டம் என்று சொல்ல முடியாது. எகிறினான், அடித்தான். இறங்கும்போதே அடித்தான். கால் தரையைத் தொட்டதும் மறுபடி தூக்கிக்கொண்டு எகிறினான். முகம், விலா, திரும்ப அதே தோள். ஜெபஸ்டினின் ஒரு கண் வீங்கி மூடிவிட்டது. பல் ஒன்று நயினாரின் கைமுட்டியில் குத்தி நின்றது. அதைப் பிடுங்கிப் போட்டான். மேலே இருந்தவர்களின் சிரிப்பு குறைந்தது. யாரோ ஒரு பெண், “போதும்டா” என்றாள். நடுவர் விசிலை வாயருகே கொண்டுபோய் நிறுத்திவைத்திருந்தார். விதிப்படி தட்டு ஒன்றுதான் ஆகியிருந்தது.

நயினார் அவனை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே போனான். ‘ஏற்று.’ இருவரும் இரும்பு விளிம்புக்கு மேலே எழுந்தார்கள். அவன் ஜெபஸ்டினின் வலது மணிக்கட்டைப் பிடித்தான். முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். திருகினான்.

எலும்பு கிண்ணத்திலிருந்து வெளியே வந்தது. தோலுக்கு அடியில் அது நகர்வது கைக்குத் தெரிந்தது. ஜெபஸ்டினின் முகம் ஒரு சாண் தூரத்தில் இருந்தது. வாய் கோணியது. கழுத்து நரம்பு புடைத்தது. சொல் வரப்போகிறது. நயினார் காத்திருந்தான்.

ஜெபஸ்டின் கீழுதட்டைக் கடித்தான். பல் உள்ளே இறங்கி ரத்தம் வந்தது. திறந்திருந்த ஒரு கண்ணால் நயினாரைப் பார்த்து, இல்லை என்று தலையாட்டினான்.

நயினார் இன்னும் திருகினான். ஜெபஸ்டின் மறுபடி தலையாட்டினான். அவன் எதையும் மறுக்கவில்லை. எதையோ செய்யாதே என்று எச்சரிப்பது போல இருந்தது.

“எல நயினாரு!” நேர் கீழே விளிம்பைப் பிடித்துக்கொண்டு முத்தரசி கத்தினாள். “அவன் தோளு போச்சுல! விடுல அவன!”

கூட்டமும் கத்தியது. “விடுடே! விட்ரு!” அவர்கள் கழுத்தில் குரல்வார் இல்லை. எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லலாம்.

ஓர் ஆண்டாக நயினார் தேவைக்கு மேல் ஒரு சொல் பேசியதில்லை. அந்த நேரத்தில் அது உள்ளேயிருந்து கிளம்பி வந்துவிட்டது.

“விடமாட்டேன்!”

முதல் பாதியிலேயே அவன் நாண் தளர்ந்தது.

அறுபத்தெட்டு கிலோ. கழிவு இல்லை. அவ்வளவும் அவன் பிடித்திருந்த உடைந்த கையில் தொங்கியது. ஜெபஸ்டின் அலறினான். நயினாரின் பிடி நழுவியது. தலை பின்னால் சாய்ந்தது. கண்ணுக்கு நேரே இரும்பு விளிம்பு வந்தது.

நொறுங்கிய விரல்களுள்ள ஓர் இடது கை அவன் முன்கையைப் பற்றியது.

பற்றியது ஒரு நொடிகூட இல்லை. அதற்குள் அவன் உடம்பு ஊஞ்சல் மாதிரி உள்பக்கம் வீசிக் கால் கீழாகத் திரும்பியது. பிறகு விரல்கள் வழுக்கின. மெத்தைமேல் நின்ற வாக்கில் விழுந்தான். ஓர் ஆண்டாக அவன் கால்கள் தெரிந்துவைத்திருந்த தரை, நாண் இறக்கிவிடுகிற தரை. அதற்குத் தகுந்தபடி முட்டியை லேசாகத்தான் மடக்கின. இரண்டு முழங்கால்களுக்கும் கீழே எலும்பு முறிந்து தோலைக் கிழித்துக்கொண்டு வந்தது. அவன் உட்கார்ந்தான். ஒரு பாதம் தன்னைப் பார்த்துத் திரும்பியிருப்பதைக் கண்டான்.

திரையில் எழுத்து ஓடியது. ‘வீரரின் கட்டளை: விடு. தவறு இல்லை.’

 மேலே யாரோ ஒருவன் சிரித்தான். “சொந்த வாயாலயே விழுந்துட்டான்டே!”

நடுவர் குனிந்தார். “விடுன்னு நீங்கதான சொன்னீங்க?”

“நான் அப்படிச் சொல்லல.”

“திரையில இருக்கே சார்.”

“நான் சொன்னது வேற.”

நடுவர் திரையைத் திரும்பிப் பார்த்தார். கையெழுத்து வாங்குகிற பலகையை உதவியாளரிடமிருந்து வாங்கப் போனார்.

முத்தரசி விளிம்பைத் தாண்டி இறங்கி வந்தாள். அவன் தொடையில் தன் தோள்துண்டால் இறுக்கிக் கட்டுப் போட்டாள்.  “மருத்துவரக் கூப்புடுங்கடா! நிக்கானுவளே மரமாட்டம்!” நயினார் அவளைப் பார்க்கவில்லை. தான் சொன்னதைத் திரும்ப ஒரு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். நாண் கேட்டது முதல் பாதி. மாட்டேன் அதற்குப் பிறகுதான் வந்தது. தமிழில் மறுப்பு எப்போதும் பின்னால்தான் வரும். அதற்குள் நாண் வேலையை முடித்துவிடும். வாயெடுத்தாலே போதும்.

ஜெபஸ்டினின் நாண் அவனை மெதுவாக இறக்கியது. வலது கை தோளிலிருந்து பை மாதிரி தொங்கியது. அவன் நயினாருக்குப் பக்கத்தில் மண்டியிட்டான். இடது கையால் குரல்வாரைப் பிடுங்க முயன்றான். விரல்கள் மடங்கவில்லை. முத்தரசி அதை அவிழ்த்துவிட்டாள்.

“பேசாதீங்கன்னுதாம்ணே தலைய ஆட்டுனேன்.” வாயில் ரத்தம் இருந்ததால் சொல் குழறியது. “நாணுக்கு முழுசா கேக்க நேரம் இல்லண்ணே. ‘விட’ங்குதது போதும் அதுக்கு. அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு.”

“யார்ட்டயும் சொல்லலியா?”

“எங்க ஆட்டக்காரவ சொல்லக் கூடாதுன்னாவ, பழைய நாணு திரும்ப வந்துரும்னு. ஒங்ககிட்ட சொல்லத்தான் வந்தேன். தெறக்கல.”

நயினார் அவன் தோளைப் பார்த்தான்.

“இது அப்பம் போனதுதாம்ணே. அக்கா வாரு தொடைக்கு எறங்கிட்டு. தலகீழா ஆயிட்டாவ. நேரா இரும்புக்கு மேல. நான் கையப் புடிச்சேன். முறுக்கல. புடிச்சுத்தான் இருந்தேன். அவிய நாணு போனதும் மொத்த எடையும் என் தோள்ல வந்துட்டு. முடியலண்ணே.”

மருத்துவர்கள் தூக்குப்படுக்கையோடு ஓடி வந்தார்கள். ஒருவர் நயினாரின் காலைத் தொட்டார். அவன் கத்தினான். ஓர் ஆண்டில் முதல் முறையாக ஏதோ வலித்தது. மருத்துவரின் கையைத் தட்டிவிட்டான். ஜெபஸ்டினின் சட்டையைப் பிடித்து முகத்தருகே இழுத்தான்.

“அவ என்ன சொன்னா?”

ஜெபஸ்டின் வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினான்.

“என் கண்ணப் பாத்துதாம்ணே சொன்னாவ.”

“என்னன்னு?”

“‘விடாத தம்பி.’”